பக்கத்து வரிசைக்காரி

பெரியகாட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறதில் பாவாயியை மிஞ்ச ஆளில்லை என்பது வாழவந்தி முழுக்கத் தெரிந்த விஷயம். அவளாக அதைச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. சாயங்காலம் தராசடியில் மூட்டைகளை இறக்கிவைத்திருக்கும்போது எது பாவாயியுடையது என்று பார்த்தாலே தெரியும். மற்ற மூட்டைகள் உட்கார்ந்திருக்கும், அவளுடையது நின்றுகொண்டிருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் தேவகுமாரி வந்து சேர்ந்தாள். எஸ்டேட் லாரி ஓட்டுகிற மரியஅந்தோணியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு எஸ்டேட் ஆட்களுக்கான லைன் வீட்டுக்குக் குடிவந்தவள். ஒல்லியான பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்று சொன்னார்கள். எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பறிப்பு தொடங்கிய அன்று அவளைப் பாவாயிக்குப் பக்கத்து வரிசையில் விட்டார்கள். படித்த பெண், இடுப்பில் சாக்கு மடியைக் கட்டத் தெரியுமோ தெரியாதோ என்று பாவாயியே முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பனி விலகி வெயில் ஏறுகிற நேரத்தில் பாவாயிக்குத் தனக்கு முன்னால் ஒரு முனகல் கேட்டது. ஏதோ கோயில் பாட்டு. நிமிர்ந்து பார்த்தாள். புதுப்பெண் நாலைந்து செடி தாண்டிப் போயிருந்தாள்.

"ஏனுங்க்கா, உங்க வரிசையில பழம் நொம்பக் காய்ச்சிருக்குதுங்களா? பின்னாடியே நின்னுட்டீங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

அக்கறையாகக் கேட்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று பாவாயிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டே நாலு செடி பறித்தாள். குத்தல்தான் என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் பாக்கியநாதன் தேவகுமாரியின் மூட்டையை நிறுத்துவிட்டு, தராசில் ஏதோ கோளாறு என்று இறக்கி மறுபடியும் ஏற்றினார்.

"மறுபடியும் நிறுத்தா மட்டும் கொறைஞ்சிருமுங்களா ரைட்டரய்யா? அவதான் கூடப் பறிச்சிருக்கா. எழுதிக்குங்க" என்றாள் பாவாயி. பிறகு தேவகுமாரியிடம் திரும்பி, "நாளைக்கு வருவயில்ல?" என்று கேட்டாள்.

"வராம?"

"வா."

இப்படித்தான் ஆரம்பித்தது. சில நாளில் அதற்கு ஒரு சட்டமும் வந்துவிட்டது. எடையில் தோற்றவள் மறுநாள் மத்தியானம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவர வேண்டும். களியோ சோறோ அவரவர் வீட்டிலிருந்து. குழம்பு தோற்றவள் வீட்டிலிருந்து. பாவாயியின் புருஷன் மாதப்பனுக்கு இதனால் ஒரு சௌகரியம் ஏற்பட்டது. விடிகாலையில் மொச்சைக் கொட்டை வேகிற வாசனையும் கருவாடு வறுக்கிற வாசனையும் தூக்கலாக வந்தால், நேற்றுத் தன் பெண்டாட்டி தோற்றிருக்கிறாள் என்று படுக்கையிலிருந்தே தெரிந்துகொள்வான். பறிப்பில்தான் தோற்றுவிட்டோம், குழம்பிலும் தோற்றால் எப்படி என்று பாவாயி அன்றைக்கு மசாலாவைக் கூடுதலாக அரைப்பாள். "அந்தப் புள்ள நல்லா இருக்கோணும். அடிக்கடி செயிக்கோணும்" என்பான் மாதப்பன்.

இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பறித்தார்கள். பாவாயி கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் பறிக்கிறவள். தேவகுமாரி கிளையை முழங்கையில் அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பறித்தாள். மறுவாரமே பாவாயியும் அப்படிச் செய்தாள். நிழல் மரத்துக்கு மேற்கே நிற்கிற செடிதான் முதலில் பழுக்கும் என்பது பாவாயிக்குத் தெரியும். அவள் எந்தச் செடியில் கைவைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துத் தேவகுமாரியும் அதைக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேர் மூட்டையும் கனத்துக்கொண்டே போனது. மற்ற பெண்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு கட்சி கட்டினார்கள். யார் ஜெயிப்பது என்று மத்தியானமே பேச்சு நடக்கும்.

ஒரு வருஷம் தேவகுமாரி காய்ச்சலில் படுத்துவிட்டாள். பாவாயி அந்த வாரம் முழுக்க முதலாக வந்தாள். வீட்டில் வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"செயிச்சுட்டுமா இப்படி உக்காந்திருக்கற?" என்று மாதப்பன் கேட்டான்.

"ஆரைச் செயிச்சன்? தராசையா?" என்றாள். மறுநாள் மிளகு ரசத்தைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போய், "சீக்கிரம் எந்திரி. எனக்குக் கை துரு ஏறுது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படியே சில பறிப்புக் காலங்கள் போயின. எண்பத்துநாலில் பழைய மேஸ்திரி செங்கோடன் கண் மங்கிப்போய், சேலத்தில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டார். யாரை மேஸ்திரியாகப் போடுவார்கள் என்று எல்லோரும் ஆளுக்கொரு ஆம்பளை பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் பேர் கூப்பிட்டு முடித்ததும் ரைட்டர் பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி ஒரு முடிவு பண்ணியிருக்கறாருங்க. பறிக்கறது பொம்பளைங்க. மேக்கறது மட்டும் எதுக்கு ஆம்பளைன்னு கேக்கறாரு. நம்ம தேவகுமாரி எட்டாவது படிச்சது. பேர் எழுதும், கணக்குப் போடும், பழமும் தெரியும். இன்னையிலிருந்து அதுதான் உங்க மேஸ்திரி."

பெண்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அந்த மலையில் அதுவரை பெண் மேஸ்திரி யாரும் பார்த்ததில்லை. தேவகுமாரி முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு தலைப்பை விலக்கி முதலில் பாவாயியைத்தான் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு புள்ள" என்றாள் பாவாயி. சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகமாக இருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தாள். அது தாகம் இல்லை.

ஸ்டோரிலிருந்து மேஸ்திரிக்கு ஒரு குடையும், முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். பூட்ஸ் ஆம்பளை அளவு. தேவகுமாரி உள்ளே பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டாள். அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தால் சளக் சளக் என்று சத்தம் வந்தது. பாவாயி எந்தச் செடியில் நின்றாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மேலே போகிறது, கீழே வருகிறது, குப்பாயியிடம் நிற்கிறது. பக்கத்து வரிசையில் இப்போது குப்பாயிதான். பத்துப் பழம் பறித்தால் பத்து வார்த்தை பேசுகிறவள்.

"கை என்ன வேகமாப் போனா என்னக்கா, நாலு எழுத்துத் தெரிஞ்சவளுக்குத்தான் பூட்ஸு" என்றாள் குப்பாயி. அவள் எதையும் யோசித்துச் சொல்கிறவள் அல்ல. ஆனால் அந்த வார்த்தை பாவாயிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பறிப்பில் இப்போது அவளுக்கு எதிரே யாருமில்லை. சாயங்காலம் அவள் மூட்டைதான் கனம். எடையைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளும் எடை சொல்கிறவரை நிற்பதில்லை. மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். முன்பெல்லாம் தேவகுமாரி ஒரு மடி பறித்தால் தான் ஒன்றரை மடி பறிக்க வேண்டும் என்று பாவாயிக்குத் தோன்றும். இப்போது தேவகுமாரி குடையை விரித்தால், அடிக்கிற காற்றில் அந்தக் குடை பிய்த்துக்கொண்டு போகாதா என்று தோன்றியது.

ஒருநாள் தேவகுமாரி சரிவில் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பூட்ஸ் ஒன்று கழன்று ஓடைப்பக்கம் உருண்டது. பாவாயி சத்தமாகச் சிரித்தாள். மற்ற பெண்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். தன் சிரிப்பு மட்டும் தனியாக நின்றதைப் பாவாயியும் கவனித்தாள். உடனே குனிந்து பறிக்க ஆரம்பித்தாள்.

தேவகுமாரி மத்தியானங்களில் தூக்குப்போசியோடு அவளைத் தேடி வந்தாள். பாவாயி, "நான் தின்னுட்டன்" என்றாள். கிறிஸ்துமசுக்கு வருஷாவருஷம் மாதப்பனும் பாவாயியும் லைன் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் பாவாயி பல்வலி என்று சொல்லிவிட்டாள். மாதப்பன் மட்டும் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பெண்டாட்டிக்கும் ஒரு பாத்திரத்தில் வாங்கிவந்தான். பாவாயி அதைத் தொடவில்லை.

மாதப்பன் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. இருக்கிற துண்டு நிலத்தில் சாமையும் நாலு பேரிக்காய் மரமும். வேலை ஓய்ந்த நேரத்தில் மந்தையில் சீட்டாட்டம்.

"ஏம்புள்ள, இன்னைக்கு எவ்வளவு பறிச்ச?"

"தெரியாதுங்க."

"தெரியாதா?" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கல்யாணமான நாளா உன்ற எடையக் கேக்காம நான் சோறு தின்னதில்ல. தோத்தாலும் சிரிச்சுட்டுத்தான் சொல்லுவ. இப்பெல்லாம் நீ சிரிக்கறதே அந்தப் புள்ள சேத்துல உழுந்தத சொல்றப்ப மட்டுந்தான்."

"எனக்குப் பல்வலிங்க. பேசாம இருங்க."

"பல்லு வலிக்குதுன்னா சரி" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.

தை பிறக்கிறதற்கு முன்னால், ஒரு மூடுபனி நாளில், பாவாயி அதைச் செய்தாள். திட்டம் போட்டுச் செய்தாள் என்று சொல்ல முடியாது. பழுத்ததை மட்டும் பறித்துப் பச்சையை விடவேண்டும் என்பது காப்பிக்காட்டின் முதல் பாடம். பச்சைக்காய் கலந்தால் தோல் உரிக்கிற மெஷினில் சிக்கும், காப்பியின் ருசி கெடும். அன்று ஒரு கிளையை எட்டிப் பிடித்தபோது எங்கோ கீழே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. பாவாயி கிளையின் அடியில் கைவைத்து நுனிவரை ஒரே இழுப்பாக உருவினாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, இலை எல்லாமே மடியில் விழுந்தன. அடுத்த கிளையையும் உருவினாள். கை சூடேறியது. வழக்கமாகப் பறிப்பதைவிட இரண்டு மடங்கு சேர்ந்துவிட்டது. சாக்கின் அடியில் பச்சையைப் போட்டு, மேலாக நல்ல பழத்தைப் பரப்பினாள்.

சாயங்காலம் மேஸ்திரி ஒவ்வொரு மூட்டையாகத் தரையில் விரித்த படங்கில் கொட்டச் சொல்லி, கையால் அளைந்து பார்த்து, பச்சை இருந்தால் பொறுக்கச் சொல்லித்தான் தராசுக்கு விடுவாள். பாவாயியின் முறை வந்தது. தேவகுமாரி சாக்கின் வாயை மட்டும் பார்த்துவிட்டு, "போகட்டும்" என்றாள். அது எல்லா மூட்டையோடும் சேர்ந்து லாரியில் ஏறியது.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே ரைட்டர் வந்து நின்றார். கையில் ஒரு பிடி பச்சைக்காய்.

"நேத்து இந்தக் கும்பல்ல வந்த பழத்தை மெஷின்ல போடமாட்டோம்னு களத்துல குவியலா ஒதுக்கி வெச்சிருக்கறாங்க. அள்ளற கையில எல்லாம் பச்சை. என்னம்மா மேஸ்திரி, நீ பாத்தியா பாக்கலயா?"

தேவகுமாரியின் முகம் வெளுத்தது. அவள் ரைட்டரின் உள்ளங்கையைப் பார்த்தாள். காம்போடும் இலையோடும் உருவிய காய். பிறகு தன் எதிரே நிற்கிறவர்களைப் பார்த்தாள். பாவாயி தன் மடி முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்ற தப்புதாங்க. நான் சரியாப் பாக்கல."

"சரியாப் பாக்கலயா? மொதலாளி என்ன சொல்றாருன்னு தெரியுமா? பொம்பளையப் போட்டா இப்படித்தான் ஆகும்னு பக்கத்து எஸ்டேட்காரங்க முன்னாடியே சொன்னாங்களாம். பறிக்கத்தான் லாயக்கு, மேக்க லாயக்கில்லைன்னு. இனிமே ஆம்பளையாப் பாத்துக் கொண்டாங்கன்னுட்டாரு. நாந்தான் ஒருநாள் பொறுங்கன்னு கேட்டிருக்கறேன். அந்தக் குவியல் இன்னும் ஒரு ராத்திரி கெடந்தா புளிச்சுப்போயிரும். பொழுது சாயறதுக்குள்ள அத்தனையும் பொறுக்கி எடுக்கோணும். ஆளு தரமுடியாது. நீயே உக்காந்து பொறுக்கு."

பெண்கள் கலைந்து காட்டுக்குப் போனார்கள். பாவாயியும் போனாள். ராத்திரியெல்லாம் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்ததும் உண்மைதான். மடியைக் கட்டி முடிப்பதற்குள் அது போய்விட்டது. 'பறிக்கத்தான் லாயக்கு' என்று ரைட்டர் சொன்னது தேவகுமாரியைப் பார்த்துச் சொன்னது. ஆனால் அது அவள்மேல் மட்டும் விழவில்லை. பாவாயி முதல் செடியில் கைவைத்தாள். ஒரு பழம் பறித்தாள். இன்னொன்று பறித்தாள். கை ஓடவில்லை. குப்பாயி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாவாயி மடியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி காயவைக்கிற களத்தைப் பார்த்து நடந்தாள்.

களத்தின் நடுவில் தேவகுமாரி தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆள் உயரத்துக்குக் குவியல். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"என்னக்கா, நான் எப்படி இருக்கறன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தியா?" என்றாள், நிமிராமல். குரலில் கோபம் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

பாவாயி நின்றாள். "தெரிஞ்சிருச்சா?"

"நீ எப்படிப் பறிப்பீன்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருசம் உன்ற கையப் பாத்துட்டே பறிச்சவ நான். காம்பை இடது பக்கமா முறுக்கி எடுக்கறது நீ ஒருத்திதான்." ஒரு பச்சைக்காயை எடுத்து வீசினாள். "எல்லாத்து மூட்டையையும் கொட்டிப் பாக்கறவ, உன்ற மூட்டைய மட்டும் கொட்டச் சொன்னதில்ல. பாவாயிக்கா மூட்டையில பச்சை இருக்குமான்னு ஒரு நினைப்பு. அதுக்குத்தான் இந்தக் கூலி."

உருண்டு வந்த காயைப் பாவாயி எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்னதான் வேணும்? இந்த பூட்ஸா? எடுத்துக்க. ரெண்டு காலும் கொப்புளமாக் கெடக்குது. போட்டுப் பாரு."

அவள் பூட்ஸை உதைத்துத் தள்ளினாள். அது வந்து பாவாயியின் காலடியில் விழுந்தது. பாவாயி குனிந்து பார்த்தாள். உள்ளே திணித்திருந்த பழந்துணி வெளியே வந்திருந்தது. தேவகுமாரியின் கல்யாணச் சேலைக்குப் பிறகு அவள் முதலில் வாங்கிய ஊதாச் சேலையின் துண்டு. இத்தனை நாள் கண்ணை உறுத்தியது இந்த ரப்பர் குழாய்தானா என்று பாவாயிக்கு இருந்தது. அவள் பூட்ஸைத் தாண்டி வந்து குவியலின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"பூட்ஸு வேண்டாம். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல குமாரி" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ எடையில செயிச்சா எனக்கு வருத்தமே இருந்ததில்ல. நாளைக்கு நான் கூடப் பறிச்சாத் தீந்துது. இதுல நான் எதக் கொண்டு உன்னைச் செயிக்கறது? எனக்கு எழுத்து வராது. நீ அந்தப் பக்கம் போயிட்ட. நான் இந்தப் பக்கம் தனியா நின்னுட்டன். என்ன பண்றதுன்னு தெரியாம, நீ உழுந்தாச் சரியாயிரும்னு நெனச்சுட்டன்."

தேவகுமாரி அவளைப் பார்த்தாள். "நான் உழுந்தா நீ ஏறிருவியா?"

"ஏறல. அதுதான் இங்க வந்து உக்காந்திருக்கறன்."

"எனக்கு மட்டும் இந்தக் குடையப் புடிச்சுட்டுச் சுத்தறது நொம்பப் பிரியம்னு நெனச்சியாக்கா? குப்பாயி பறிக்கறதப் பாத்துட்டு நிக்கறப்பக் கை ஊறும். தள்ளுடின்னு சொல்லிட்டு நானே பறிக்கலாம்னு இருக்கும். மத்தியானம் தனியாத் தின்னா சோறு எறங்கறதில்ல. நீ தின்னுட்டன், தின்னுட்டன்னு சொல்லிட்டு மொகத்தைத் திருப்பிக்கற." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, வந்துட்டயில்ல. சும்மா உக்காந்திருக்காத. பொறுக்கு."

பாவாயி பொறுக்க ஆரம்பித்தாள். பச்சையை ஒரு கூடையிலும் பழத்தை ஒரு கூடையிலும் போட்டார்கள். கூடை நிறைந்தது. பாவாயி எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, தேவகுமாரியின் கூடை தன்னுடையதைவிட மேலே இருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கையை வேகப்படுத்தினாள். பிறகு தேவகுமாரி முழங்காலை மடக்கி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பாவாயி வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டாள். தேவகுமாரி இரண்டு கையாலும் அள்ளிப் பரப்பிப் பொறுக்கினாள். பாவாயி குவியலைச் சரித்துத் தட்டையாக்கினாள். பச்சை தானாகக் கண்ணில் பட்டது.

"அது கள்ளாட்டம்" என்றாள் தேவகுமாரி.

"வேணும்னா நீயும் சரிச்சுக்க."

தேவகுமாரியும் சரித்தாள். அதற்கப்புறம் நிமிரவே நேரமில்லை. இரண்டு பேரின் கூடைகளும் போகிறதும் வருகிறதுமாக இருந்தன. எதிரெதிரே நடக்கும்போது ஒருத்தி மற்றவளை இடித்துக்கொண்டு போனாள். மூச்சு வாங்கியது. தேவகுமாரியின் முனகல் கேட்டது. அவளுக்கே தெரியாமல் பாடிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சி தாண்டிக் கொஞ்சம்தான் சரிந்திருக்கும். குவியல் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை தெரிந்தது.

ரைட்டர் பாக்கியநாதன் வந்து வெறும் தரையைப் பார்த்தார். பிறகு பாவாயியைப் பார்த்தார்.

"காட்டுல பேர் குடுத்துட்டு நீ இங்க என்ன பண்ற?"

பாவாயி எழுந்து சேலையை உதறினாள். "பச்சைக்காய் போட்டது நானுங்க ரைட்டரய்யா. மேஸ்திரி கண்ணுக்குத் தெரியாம அடியில போட்டன். மொதலாளிகிட்ட அப்படியே சொல்லிருங்க. பொம்பள மேஸ்திரிக்கு மேக்கத் தெரியலைன்னு இல்ல. ஒரு பொம்பளைக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

ரைட்டர் தேவகுமாரியைப் பார்த்தார். அவள் கூடையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அப்படிப் பண்ணின?"

"பொறாமைங்க" என்றாள் பாவாயி. அந்த வார்த்தையைச் சொல்வது அவள் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சுளுக்கு விட்டதுபோல் இருந்தது.

ரைட்டருக்கு இப்படி ஒரு காரணத்தைக் கேட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கப் பாவாயி களத்திலேயே காய்கிற காப்பியைக் கிளற வேண்டும் என்று தண்டனை சொன்னார். முதலாளியிடம் அவர் எப்படிச் சொன்னாரோ, தேவகுமாரி மேஸ்திரியாகவே இருந்தாள். பாவாயி களத்தில் காப்பி கிளறிய வாரத்தில் மத்தியானச் சோற்றுக்குத் தேவகுமாரி காட்டிலிருந்து இறங்கி வந்தாள். யார் குழம்பு என்பதில் அந்த வாரம் எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

பறிப்பு முடிந்து பங்குனி வந்தது. மழை பெய்து காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்திருந்தது. எஸ்டேட்காரர் மேற்குச் சரிவையும் வாங்கியிருக்கிறார், அடுத்த பறிப்புக்கு அங்கே இன்னொரு கும்பல் வேண்டும், அதற்கு ஒரு மேஸ்திரி தேவை என்று செய்தி வந்தது. பாவாயி அன்று சாயங்காலம் மாதப்பன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு எழுத்துத் தெரியுமுங்களா?"

"எழுத்துத் தெரியாது. எண்ணு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மாதப்பன் மடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான். "இதுலதான்."

அந்தக் கோடை முழுக்க வாழவந்தியில் ஒரு குடிசைக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். பாவாயி இஸ்பேட் ஏழைப் பார்த்து ஏழு எழுதினாள், ஆட்டின் ஒன்பதைப் பார்த்து ஒன்பது எழுதினாள். ஆறும் ஒன்பதும் தலைகீழாக நின்று அவளை வெகுநாள் ஏமாற்றின. கூட்டல் வந்ததும் மாதப்பனைவிட வேகமாகப் போட்டாள். கடைசியில் அவனைச் சீட்டிலும் தோற்கடிக்க ஆரம்பித்தாள். அதோடு பாடத்தை நிறுத்திவிடலாம் என்று மாதப்பன் சொன்னான்.

அவளாகத்தான் ரைட்டரிடம் போய்க் கேட்டாள். ரைட்டர் ஒரு பலகையில் எடைகளைச் சொல்லிச் சொல்லி எழுதச் சொன்னார். எழுதினாள். கூட்டச் சொன்னார். கூட்டினாள்.

"பேர் எழுதத் தெரியாதே. அதுக்கு என்ன பண்ணுவ?"

"ஆளுக்கொரு படம் போட்டுக்கறனுங்க. காளியாயிக்கு வேப்பிலை. காவேரிக்குச் சொம்பு. குப்பாயிக்கு வாய்."

ரைட்டர் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், "குப்பாயிகிட்டக் காட்டிராத" என்றார்.

பாவாயி மேற்குச் சரிவுக்கு மேஸ்திரியானது தேவகுமாரிக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்கலாம். அவள் செய்தியைக் கேட்டதும் தன் கும்பலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த வருசம் அந்தச் சரிவுக்காரங்ககிட்டத் தோத்தமுன்னா ஒருத்தரும் எம்மூஞ்சில முழிக்கக் கூடாது" என்று சொன்னாள். அந்தச் செய்தி மத்தியானத்துக்குள் மேற்குச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. பாவாயிக்கு அன்றைக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது.

பறிப்பு தொடங்கிய முதல் நாள் தேவகுமாரியின் கிழக்குச் சரிவு ஜெயித்தது. மறுநாள் மேற்குச் சரிவு. மூன்றாம் நாள் மத்தியானத்துக்குமேல் இரண்டு கும்பலும் எல்லைக்கல்லை ஒட்டி எதிரும் புதிருமாகப் பறித்துக்கொண்டிருந்தன. தேவகுமாரியின் ஆட்கள் அந்தப் பக்கத்தை முடித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள். பாவாயி மேட்டில் நின்று பார்த்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு பாறையின் மறைவில், கொஞ்சம் செடிகள் கைபடாமல் நின்றன. கிளை தெரியாமல் பழுத்திருந்தன. அது தேவகுமாரி பக்கத்து வரிசை. கீழே இருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. குப்பாயியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, பேசாம இருங்க. அவங்க உட்டுட்டுப் போறாங்க" என்றாள் மெல்ல.

பாவாயி இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"ஏ குமாரி. பாறைக்குப் பின்னாடி செடியெல்லாம் செவந்து கெடக்குது. கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

கீழே மேஸ்திரிக் குடை நின்றது. திரும்பியது.

"பாத்துட்டுத்தான் உட்டுட்டு வந்தன். நாளைக்கு எடுத்துக்குவன்" என்று குரல் வந்தது. பொய் என்று குரலிலேயே தெரிந்தது.

"நாளைக்குக் குருவி எடுத்துக்கும். ஏறி வா. வந்து பறிச்சாலும் இன்னைக்கு நீ தோக்கத்தான் போற."

தேவகுமாரி குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வேகமாக மேலே ஏறி வந்தாள். பாவாயி தன் கும்பலைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்ன வேடிக்கை? அவங்க வர்றாங்க. கையப் போடுங்க."